குண்டுக்கல் ஏறிய வண்டியும் அதன் உதிரி பாகமும்

குண்டுக்கல்பாளையத்தில் மூன்று முட்டாள்கள் இருந்தார்கள் என்று கதையைத் தொடங்கினால், மீதி ஊர்க்காரர்கள் என் வீட்டுக்குச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். "மூணே பேருதானா? எங்களையெல்லாம் ஏன் விட்டே?" என்பார்கள். நியாயமான கேள்விதான். நானும் அந்த ஊர்க்காரன்தான். என்னையும் சேர்த்துக்கொண்டால் கதை நீண்டுவிடும் என்பதால் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

லாரிக்கு பாடி கட்டுவது எங்கள் ஊர்த் தொழில். வெறும் எஞ்சினும் சக்கரமுமாக வருகிற லாரி, திரும்பிப் போகும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி போகும். அதில் பூவும் புலியும் வரைகிற பெயிண்டர்தான் நம்ம சென்னியப்பன். லாரியின் அடியில் இரும்புப் பட்டை கட்டுகிறவன் மாரப்பன். கட்டி முடித்த லாரியை எடை போடும் மேடைக்குப் பொறுப்பு காளியண்ணன். அந்த வேலைக்குப் பொருத்தமான ஆள். அவர் தனியாக மேடையில் ஏறி நின்றாலே எண் நகரும்.

ஒருநாள் மாரப்பன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். உள்ளங்கை அளவு ஜீப் ஒன்று ரிமோட்டில் ஓடியது. ஓடியதோடு விட்டதா, பாறை மேல் பல்லி மாதிரி ஊர்ந்து ஏறி உச்சியில் போய் நின்றது. மூன்று பேரும் வாயை மூட மறந்து பார்த்தார்கள்.

"நாம இத்தனை வருசம் கட்டின லாரியில ஒண்ணாவது பாறை ஏறிருக்குமா?" என்றான் சென்னியப்பன்.

"ஒண்ணு ஏறிச்சு. டிரைவர் தூங்கிட்டான்," என்றான் மாரப்பன்.

அது கணக்கில் வராது என்று காளியண்ணன் தீர்ப்புச் சொன்னார். அப்படி ஒரு வண்டி வாங்கியே தீருவது என்று முடிவானது. ஊர்க்கோடியில் இரண்டு ஆள் உயரத்தில் குண்டுக்கல் என்ற பாறை சும்மாதானே கிடக்கிறது.

கோயம்புத்தூரில் இந்த மாதிரி வண்டி விற்கிற கடைக்குப் போன் போட்டார்கள். "பெருசு, நடுத்தரம், சின்னதுன்னு மூணு அளவு இருக்குங்க. நீங்க ஏத்தப் போற கல்லைப் பொறுத்து எடுத்துக்கணும்," என்றார் கடைக்காரர்.

போனை வைத்ததும் ஆலோசனை நடந்தது.

"கல்லைப் பாக்காம அவரு எப்படி வண்டி தருவாரு?" என்றான் மாரப்பன்.

"தர முடியாது. செருப்பு வாங்கப் போறப்ப காலை வீட்லயா வெச்சுட்டுப் போறோம்?" என்றார் காளியண்ணன். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? மூன்று பேரும் குண்டுக்கல்லை எடுத்துக்கொண்டு போகக் கிளம்பினார்கள். முறைக்கு மாரப்பன் ஒருதடவை தள்ளியும் பார்த்தான். அது வரவில்லை. அப்போதுதான் சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது. அவன் வீட்டுக் கொல்லையில் இருக்கிற துவைக்கிற கல், குண்டுக்கல்லில் உடைத்து எடுத்ததுதான். அதாவது மகன் முறை. மகனுக்குச் சரியாக இருந்தால் அப்பனுக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று அதைப் பெயர்த்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். சென்னியப்பனின் மனைவி சுலோச்சனா அப்போது ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

கடைக்காரர் கல்லைக் கீழே வைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பெரிய வண்டியைத் தூக்கிக் கல் மேல் வைத்தார்கள், சக்கரமெல்லாம் வெளியே தொங்கியது. நடுத்தர வண்டிக்கு முன் சக்கரம் மட்டும் தொங்கியது. இருப்பதிலேயே சின்னது மட்டும் கல் மேல் கச்சிதமாக நின்றது. "அளவெடுத்த மாதிரி இருக்கு," என்றார் காளியண்ணன். அதையே வாங்கினார்கள்.

கிளம்பும்போது கடைக்காரர் பெருந்தன்மையாக மூன்று யோசனை சொன்னார். மூன்றையும் ஒரே மண்டையில் ஏற்றுவது ஆபத்து என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். 'உங்க விருப்பப்படி வண்டியை அலங்காரம் பண்ணிக்கலாம்' என்பது சென்னியப்பனுக்கு. 'முன்பக்கம் கொஞ்சம் எடை சேத்தா ஏறும்போது கவிழாது' என்பது மாரப்பனுக்கு. மூன்றாவதைக் காளியண்ணன் வாங்கி மனசுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். கல் கடையிலேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க, துவைக்கிற கல்லு எங்கீங்க?" என்று கேட்டாள் சுலோச்சனா.

"கோயம்புத்தூர்ல இருக்கு," என்றான் சென்னியப்பன்.

"அது எதுக்கு அங்க போச்சு?"

"வண்டி வாங்க."

சுலோச்சனா வண்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கையில் இருந்த அழுக்குத் துணியைப் பார்த்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நான் குண்டுக்கல்லுக்கு வருவேன். இது என் கண்ணு முன்னால உச்சிக்கு ஏறணும். யாரும் கையில தொட்டுத் தூக்கக் கூடாது. ஏறலைன்னா அன்னிக்கே நீங்க ஈரோட்டுக்குப் போயி எங்கண்ணன் மஞ்சள் மண்டியில உக்காந்து மூட்டை எண்ணணும்."

சென்னியப்பனுக்கு அந்த மச்சானோடு ஒரு வேளை சாப்பிடுவதே பெரும்பாடு. சொன்ன நகைச்சுவையையே திரும்பச் சொல்லி, நாம் சிரித்தோமா என்று முகத்துக்கு நேரே குனிந்து பார்ப்பார். ஆளும் நல்ல கனம். மண்டியில் உட்கார்ந்தால் எது மச்சான், எது மூட்டை என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் புலி வரையாமல் சென்னியப்பனால் இருக்க முடியாது. மஞ்சள் மூட்டையில் எதை வரைவது?

பயத்தில் அவன் வேலையில் இறங்கினான். பயம் வந்தால் பெயிண்ட் அடிப்பது அவன் சுபாவம். வண்டிக்குப் பச்சையும் சிவப்பும் அடித்தான். கதவில் புலி வரைய ஆரம்பித்தான், இடம் போதாமல் மீசை மட்டும் வந்தது. பின்னால் கறுப்புக் குஞ்சம் கட்டினான். முன்பக்கம் ஒரு குட்டி வின்ச் இருந்தது. சேற்றில் சிக்கிய லாரியைக் கயிறு போட்டு இழுக்கிற அதே சங்கதிதான், கட்டைவிரல் அளவில். அதில் இருந்த நூல் போதாது என்று, தார்ப்பாய் தைக்கிற நைலான் நூலை நீளமாகச் சுற்றிவைத்தான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கயிறு குறைந்த வண்டியைப் பார்த்தால் அவனுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

பூஜை போட்டார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி நான்கு பழத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ரிமோட்டை அழுத்தினால் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பாறை ஏற வாங்கிய வண்டி எலுமிச்சம்பழத்திலேயே நின்றுவிட்டதைப் பார்த்துச் சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது.

"வண்டி மேல தப்பு இல்ல. பழம்தான் பெருசு. லாரிக்கு எலுமிச்சைன்னா இதுக்கு என்ன வெக்கணும்?" என்று கேட்டார் காளியண்ணன்.

நெடுநேரம் யோசித்துச் சுண்டைக்காய் வைத்தார்கள். வண்டி நசுக்கிக்கொண்டு போனது. மூன்று பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது மாரப்பன் முறை. எடை சேர்க்க வேண்டுமென்றால் இருக்கிற எடை தெரிய வேண்டும். லாரி நிற்கிற எடை மேடையின் நடுவில் வண்டியை வைத்தார்கள். காளியண்ணன் உள்ளே போய்ப் பார்த்தார். பூஜ்யம்.

"எடையே இல்லாத வண்டியை நம்ம தலையில கட்டிட்டான்யா," என்றார்.

மாரப்பன் லாரிப் பட்டையில் ஒரு துண்டு வெட்டி வண்டியின் மூக்கில் கட்டினான். அப்போதும் பூஜ்யம். இன்னொன்று கட்டினான். வண்டி குப்புறச் சாய்ந்தது. சமன் செய்யப் பின்னாலும் கட்டினான். கட்டக் கட்ட வண்டி மறைந்து இரும்புதான் தெரிந்தது. ஒருவழியாகப் பலகையில் எண் நகர்ந்தது. காளியண்ணன் மகிழ்ந்துபோய் ரசீது போட்டுக் கொடுத்தார்.

ரிமோட்டை அழுத்தினார்கள். உள்ளேயிருந்து கொசு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"எப்படி நிக்குது பாரு. இனி கவிழவே கவிழாது," என்றான் மாரப்பன்.

"ஏறலையே மாப்பிள்ளே," என்றான் சென்னியப்பன்.

"ஏறினாத்தானே கவிழும்?"

வேறு சமயமாக இருந்தால் சென்னியப்பன் இதை ஒப்புக்கொண்டிருப்பான். மச்சான் முகம் கண்ணில் நின்றதால் மனசு ஒப்பவில்லை. சனிக்கிழமை முழுக்க இரும்பைக் கழற்றினார்கள். கழற்றுகிற ருசியில் சீட்டு, ஸ்டெப்னி, கூரை என்று எல்லாம் போனது. "இருக்கறதுலயே கனம் மோட்டார்தான், அதையும் எடுத்துட்டா வண்டி பறக்கும்," என்றான் மாரப்பன். நல்லவேளை, திருப்புளி தொலைந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை குண்டுக்கல்லடியில் வண்டியை விட்டார்கள். முழங்கால் உயரம் ஏறும், சறுக்கி வரும். மறுபடியும் ஏறும், சறுக்கி வரும். அப்போதுதான் காளியண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். கடைக்காரர் கொடுத்த மூன்றாவது யோசனையை அவர் இன்னும் வெளியே எடுக்கவே இல்லை.

"வண்டி போற வழியை, வண்டி இருக்கற உயரத்துல கண்ணை வெச்சு, முன்னாடியே ஒருதடவை பாத்துக்கணும்னு சொன்னாருப்பா."

வண்டியின் உயரம் என்றால் படுத்துத்தான் பார்க்க வேண்டும். குண்டுக்கல்லின் உச்சியில் இரண்டு பாறைக்கு நடுவே ஒரு சந்து உண்டு. அதுதான் வண்டி போய் நிற்க வேண்டிய இடம். கீழே இருந்து ஏறுவது காளியண்ணன் உடம்புக்கு ஆகாது. "ஏறினாலும் இறங்கினாலும் வழி ஒண்ணுதானே," என்று பின்பக்கம் ஆடு போகிற சரிவில் சுற்றிப் போய், உச்சியில் குப்புறப் படுத்து, சந்துக்குள் தலையை விட்டு ஊர்ந்தார். கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் அவர் முகமும் இரண்டு கையும் வெளியே வந்தன. வயிறு வரவில்லை.

"வழி எப்படி இருக்குதுண்ணா?" என்று கீழே இருந்து கேட்டான் சென்னியப்பன்.

"வழி அருமையா இருக்குது. வண்டி தாராளமா வரலாம். எனக்குத்தான் முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல."

அந்த நேரம் பார்த்துத்தானா சுலோச்சனா வர வேண்டும்? கையில் துணிப்பை வைத்திருந்தாள். சென்னியப்பனின் இரண்டு லுங்கி, சோப்பு, வழிக்குப் புளிச்சோறு எல்லாம் அதில் இருந்தன. "சாயங்கால பஸ்ஸுல எங்கண்ணன் கூட்டிட்டுப் போக வர்றாரு," என்றாள்.

முதலில் காளியண்ணனை எடுத்தாக வேண்டும். மாரப்பன் ஏறப் போனான். சென்னியப்பன் தடுத்தான். "கையில தொடக் கூடாதுன்னு சொல்லிருக்கா."

"அது வண்டியை."

"அண்ணன் இப்ப வண்டி போற வழியில இருக்காரு. எதுக்கு வம்பு?"

அதுவும் சரிதான். கையால் தொடாமல் இழுக்க வேண்டும் என்றால் இருக்கவே இருக்கிறது வின்ச். நூலின் கொக்கியை மாரப்பன் மேலே வீசினான். காளியண்ணன் எட்டிப் பிடித்து இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். "கெட்டியாப் பிடிச்சுக்கங்கண்ணா, உங்களை இழுக்கறோம்," என்று சென்னியப்பன் ரிமோட்டை அழுத்தினான்.

வின்ச் சுற்றியது. நூல் விறைத்தது. காளியண்ணன் அசையவில்லை. எடை மேடையிலேயே எண் நகர்த்துகிற மனிதர் தார்ப்பாய் நூலுக்கா அசைவார்? வண்டிதான் அசைந்தது. முழங்கால் உயரம் தாண்டியது, இடுப்பு உயரம் தாண்டியது. ஒரு இடத்தில் குஞ்சம் கல்லில் மாட்டி அந்தரத்தில் ஆடியது. பிறகு விடுபட்டு, புலிமீசை வெயிலில் மின்ன, ஊர்ந்து ஊர்ந்து உச்சிக்குப் போய்க் காளியண்ணனின் மூக்கில் முட்டி நின்றது.

"வந்துடுச்சு," என்றார் காளியண்ணன்.

எல்லோரும் சுலோச்சனாவையே பார்த்தார்கள். அவளும் எங்கள் ஊர்ப் பெண்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"அண்ணா, நீங்க ஏதும் தூக்கினீங்களா?" என்று கேட்டாள்.

"நான் அசையவே இல்லம்மா. அசைய முடிஞ்சா இங்க ஏன் படுத்திருக்கேன்?"

"அப்ப நியாயமாத்தான் ஏறிருக்குது," என்றாள் சுலோச்சனா. சென்னியப்பன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். "ஆனா எங்கண்ணன் கண்ணால பாக்காம நம்ப மாட்டாரு. சாயங்காலம் ஒருக்கா ஏத்திக் காட்டிடுங்க."

அதுவரை காளியண்ணன் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அவருக்கே இல்லை. வண்டியின் முக்கியமான பாகம் அவர்தான் என்று ஆகிவிட்டது. வெயில் ஏறியதும் மாரப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்து கடைக்காரருக்குப் போன் போட்டான். "வண்டி ஜோரா ஏறிடுச்சுங்க. காளியண்ணன் மாட்டினதும்தான் ஏறுச்சு. இந்தக் காளியண்ணனை எப்படிங்க பராமரிக்கறது?"

அது ஏதோ புதுப் பாகம் என்று நினைத்தார் கடைக்காரர். "எதா இருந்தாலும் தூசி தட்டி, நாலு சொட்டு எண்ணெய் விட்டு வைங்க. நல்லா உழைக்கும்," என்றார்.

பட்டறையில் இருந்து எண்ணெய் வந்தது. நாலு சொட்டு இவர் உடம்புக்கு எந்த மூலைக்கு என்று டப்பாவோடு ஊற்றினார்கள். காளியண்ணன் ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். அடுத்த நிமிஷம் சந்தில் இருந்து வழுக்கி, வண்டியையும் அணைத்துக்கொண்டு, சரசரவென்று கீழே வந்து மாரப்பன் மடியில் உட்கார்ந்தார்.

மறுபடியும் அவரைச் சந்துக்குள் திணிக்கப் பார்த்தார்கள். நிற்கவில்லை. இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தார். வயிறு உப்பினாலாவது சந்தில் நிற்பார் என்று புளிச்சோறு முழுவதையும் ஊட்டியும் பார்த்தார்கள். பொழுது சாய்ந்தது. துணிப்பை வெறும் லுங்கியோடு கல் மேல் கிடந்தது. சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

உடம்பெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்திருந்த காளியண்ணன் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, உங்கண்ணன் என்ன எடை இருப்பாரு?"

சுலோச்சனா யோசித்தாள். "உங்களைவிட ஒரு பிடி கூடத்தான் இருப்பாருங்க."

நான்கு பேரும் உச்சியில் இருந்த சந்தைப் பார்த்தார்கள். பிறகு ரோட்டைப் பார்த்தார்கள்.

"அளவெடுத்த மாதிரி இருக்கும்," என்றான் சென்னியப்பன்.

சுலோச்சனா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினாள். "அவரும் கிட்டத்துல இருந்து பாக்கணும்னுதான் சொன்னாரு," என்றாள்.