ஈரச் சேற்றில் வைத்த குளம்பு

கொம்பையா என்ற கிழக் கடமானுக்கு மூச்சிரைப்பு. நாலடி நடந்தால் நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கும். ஓடைக்கரை மந்தி வைத்தியர் தரும் வேர்தான் அதன் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

அந்தக் காட்டில் வயதான விலங்குகளுக்கு இரண்டு பொது வைத்தியத் திட்டங்கள். ஓடைத் திட்டத்தில் எந்த வைத்தியரிடமும் போகலாம். போகும்போதெல்லாம் பத்து நெல்லிக்காய் கொடுக்க வேண்டும். குன்றுத் திட்டத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம். மழைக்காலத்தில், பிடித்த திட்டத்தின் சேற்றில் குளம்பைப் பதிக்க வேண்டும். சேறு காய்ந்துவிட்டதா? அடுத்த மழைவரை மாற முடியாது!

கொம்பையா இருந்தது ஓடைத் திட்டத்தில். நெல்லிக்காய் பொறுக்கிப் பொறுக்கி மனைவி செவத்திக்கு முதுகே ஒடிந்தது. கொம்பையாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மழை ஓயும் நேரத்தில் நரி ஆள் சேர்க்க வந்தது.

"தாத்தா, குன்றுத் திட்டத்துக்கு வாங்க! காய் வேண்டாம், கனி வேண்டாம்! நக்குவதற்கு உப்புக்கல்கூடச் சும்மா!"

"வைத்தியம் உண்டா?"

"பேஷாக உண்டு!"

அவ்வளவுதான்! யார் பார்ப்பார், எங்கே பார்ப்பார் என்று ஒரு வார்த்தை கேட்டதா? இல்லையே! தொப்பென்று குளம்பைப் பதித்தது.

சித்திரையில் கையிருப்பு வேர் தீர்ந்து மூச்சு முட்டியது. ஓடைக்குப் போனால் மந்தி கையை விரித்தது.

"அண்ணே, உங்க குளம்பு குன்றுச் சேற்றிலல்லவா இருக்கு? உங்களுக்கு வைத்தியர் உச்சிப் பாறை வரையாடு!"

"பாறை ஏற மூச்சிருந்தால் எனக்கு வைத்தியர் எதுக்கய்யா?"

"திட்டத்துக்கு வெளியே வேர் வேண்டுமென்றால் ஒரு மரத்து நெல்லி முழுசும் தரணும். காட்டுச் சட்டம் அண்ணே, நான் என்ன செய்ய?"

சித்திரை வெயிலில் ஏது நெல்லி? செவத்தி மரம் மரமாய் அலைந்தது. ஒரு பிஞ்சுகூட இல்லை. வழியில் நரியைப் பார்த்துக் கத்தியது: "நீ நாசமாய்ப் போக!"

"பொய்யா சொன்னேன் பாட்டி? வைத்தியம் உண்டென்றேன், உண்டுதானே!" என்று நரி நடையைக் கட்டியது.

வேறு வழியின்றிக் கொம்பையா செவத்தியோடு குன்றில் ஏறியது. பாதிப் பாறையில் முன்னங்கால்கள் மடங்கின.

"செவத்தி, உன் முதுகு நோகக் கூடாதேன்னுதான்..." என்றது. மீதியைச் சொல்ல மூச்சில்லை.

திட்டப்படி வைத்தியர் கீழே இறங்கக் கூடாது. உச்சியிலிருந்து எட்டிப் பார்த்த வரையாடு, "இன்னும் கொஞ்சம்தான், ஏறி வாங்க!" என்று வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

சும்மா என்ன கிடைக்கும் என்று கேட்கும் முன், ஆபத்துக்கு யார் கிடைப்பார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.