பூட்டிய கதவுக்கு ஒரு வரிசை

முன்னொரு காலத்தில், சூரியன் வருஷத்துக்குப் பத்தே நாள் வேலை பார்த்த ஒரு தீவை மேகவர்மன் என்ற மன்னன் ஆண்டு வந்தான். அந்த ஊரில் ஒருவர் காலை ஒருவர் மிதித்தால், மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். அவ்வளவு மரியாதை தெரிந்த ஜனங்கள்.

அன்று மன்னனுக்குப் பிறந்தநாள். உப்பரிகைக்கு வந்து கையசைத்தான். மைதானத்தில் ஒரே ஒரு புறா இருந்தது. அதுவும் பறந்துவிட்டது.

"மக்கள் எங்கே?"

பிரதம மந்திரி தந்திரசேனர் செருமினார். அந்த வருஷத்தில் அவர் ஐந்தாவது பிரதம மந்திரி. விகடகவி குப்பாண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"ஏதோ மனத்தாங்கல், பிரபோ. குப்பாண்டி நினைத்தால் ஊரையே கூட்டிவிடுவான். பறை, படை, பரிசு, பொய் எதுவும் இல்லாமல்! நாளை மதியத்துக்குள் முடியாவிட்டால், துறைமுகத்தில் ஓர் ஓட்டைப் படகு இருக்கிறது. ஏற்றி அனுப்பிவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் மன்னன்.

குப்பாண்டி கேட்டது ஒன்றே ஒன்று. "துடுப்பு உண்டா, மன்னா?"

மறுநாள் மதியம். உப்பரிகைக்கு வந்த மன்னன் திடுக்கிட்டான்.

தூறல். குடைகள். மைதானம் முழுக்கப் பாம்பாய் வளைந்து வளைந்து ஒரு வரிசை!

'எனக்காகவா?' கீழே ஓடினான்.

கடைசியில் நின்ற மீன்காரியிடம், "எதற்கம்மா நிற்கிறாய்?" என்றான்.

"தெரியலைங்க மகாராசா. இவரு நின்னாரு, நானும் நின்னேன்."

"நீ எதற்கய்யா?"

"முன்னால இருக்கறவருக்குத் தெரிஞ்சிருக்கும் சாமி."

அவரோ இன்னும் முன்னால் கை காட்டினார். மன்னனுக்குத் தலை சுற்றியது. நாற்பது 'மன்னிக்கணும்' சொல்லி முன்னேறினான். வரிசையின் தொடக்கத்தில், குறை கேட்கும் மண்டபத்தின் பூட்டிய கதவைப் பார்த்தபடி நின்றான் குப்பாண்டி. ஏழு வருஷமாகத் திறக்காத கதவு அது.

"என்ன செய்தாய்?"

"விடிகாலையில் வந்து சும்மா நின்றேன், மன்னா. இந்த அம்மா என் பின்னால் நின்றார். அப்புறம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."

"மோசடி!" என்று ஒரு குரல். வரிசையில் மூன்றாவது ஆளாக, குடையும் கையுமாகத் தந்திரசேனர்!

"நீர் எதற்கய்யா நின்றீர்?"

"தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில், பிரபோ."

"எது?"

"அதுதான் எனக்கும் புரியவில்லை."

மன்னன் பூட்டை உடைக்கச் சொல்லி, உள்ளே போய் அமர்ந்தான். "முதலில் வா தாயே. என்ன குறை?"

அந்த அம்மாள் யோசித்தாள். "எல்லாரும் மழையில நிக்கறோம். ஒருத்தர் மட்டும் நேரா உள்ள வந்துட்டாரு."

"யார் அது?"

"மன்னிக்கணும்... நீங்கதான்."

மன்னன் முகம் சிவந்தது. எழுந்தான். "குப்பாண்டி, என் முறை வரும்வரை ஆசனத்தில் நீ இரு." போய் மீன்காரிக்குப் பின்னால் நின்றான்.

பொழுது சாயும்போது அவன் முறை வந்தது. தொப்பலாக நனைந்திருந்தான். கையில் பாதி கடித்த ரொட்டி.

"என்ன குறை, ஐயா?" என்றான் குப்பாண்டி.

"பசித்ததே என்று இதை வாங்கினேன். இதென்ன அநியாய விலை! ஜனங்கள் எப்படித்தான் பிழைக்கிறார்கள்?"

"மன்னரிடம் சொல்லிப் பார்க்கிறேன்."

மன்னன் விழித்தான். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தான். அன்றே ரொட்டி விலை பாதியானது. மண்டபத்துச் சாவியும் ஆயிரம் பொன்னும் குப்பாண்டிக்கு வந்தன.

வாரம் முடிவதற்குள் ஆறாவது பிரதம மந்திரியும் வந்துவிட்டார்.