வாசலை மறித்த மொய்ப் பெட்டி

கீழக்கொம்பூர்த் துறைமுகம் கப்பலைக் கண்டு ஆறு மாதமாகிவிட்டது. சரக்கு கரையில் இறங்கும்போதே சுங்கத்தைக் கறந்துவிடுவார் அதிகாரி பரஞ்சோதி. விற்குமா விற்காதா என்றே தெரியாத சரக்குக்கு எவன் முன்கூட்டிப் பணம் அழுவான்? கப்பல்களெல்லாம் பக்கத்துத் துறைக்குப் போயின. மூட்டை தூக்கும் மிக்கேல் வீட்டு அடுப்பில் பூனை தூங்கியது.

"எசமான், சுங்கச்சாவடியை ஊர் எல்லைக்கு மாத்துங்க. துறைமுகத்துக்குள்ள இஷ்டம்போல இறக்கட்டும், விக்கட்டும், திருப்பி ஏத்தட்டும். நாட்டுக்குள்ள போற சரக்குக்கு மட்டும் வாங்குங்க" என்று கெஞ்சினான் மிக்கேல்.

"வாசல்ல வாங்காதவன் ஏமாளிடா! நாளைக்கு என் மக கல்யாணம். மொய்ப் பெட்டிக்கு நீதான் காவல். ஒருத்தன் தப்பிச்சாலும் உன் வேலை போச்சு!"

மறுநாள் மிக்கேல் பந்தல் வாசலில் குறுக்கே மூங்கிலைக் கட்டி, பெட்டியோடு உட்கார்ந்தான். "மொய் வச்சாத்தான் உள்ளே!"

வந்தவர்கள் முகம் சுளித்து, எதிர்த்தெருக் கல்யாணத்தில் போய் இலை முன் உட்கார்ந்தார்கள். கடைசியில் ராஜாவே வந்தார். அவரையும் மூங்கில் மறித்தது.

பரஞ்சோதி அலறிக்கொண்டு ஓடிவந்தார். "அட மடையா! பந்தியில ஆயிரம் இலை காயுது! முதல்ல ஜனங்களை உள்ள விடு! சாப்பிட்டுக் கை கழுவி வெளிய போற வழியில பெட்டியை வைக்கணும்னு தெரியாதா?"

"தெரியும் எசமான். கப்பலுக்கும் அதைத்தான் சொன்னேன். நீங்கதான் ஏமாளின்னீங்க."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாளே சாவடி ஊர் எல்லைக்குப் போனது. மாதம் முடிவதற்குள் துறை நிறையப் பாய்மரம். மிக்கேல் வீட்டுப் பூனைதான் பாவம், படுக்க வேறு இடம் தேடி அலைந்தது.