குடுவைப் பள்ளத்துக் காவல்

முடிந்துபோன ஒரு சண்டைக்கு, பன்னிரண்டு காட்டெருமைக் கடாக்கள் மூன்று வருஷம் காவல் நின்றன. தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

இடம் குடுவைப் பள்ளம். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. ஒரே ஒரு வாய். அந்த வாய் வழியாக ஓர் ஓடை உள்ளே போய்க் குளத்தில் விழும். குளத்தைச் சுற்றிப் புல். அங்கே புள்ளிமான்கள் இருந்தன.

அதே வாய் வழியாகச் செந்நாய்களும் வந்தன. குட்டி, கிழடு என்று பார்க்காமல் தின்றன. மான்களின் தலைவி மேல்மலைக்கு ஓடிப் போய்க் காட்டெருமைகளைக் கூப்பிட்டாள். எருமைகள் இறங்கி வந்தன. ஒன்பது கோடை சண்டை நடந்தது. கடைசியில் செந்நாய்க் கூட்டம் சிதறி வடக்கே ஓடியது.

சரி, இனி வீட்டோடு இருக்கலாமா?

மேல்மலையில் மந்தை கூடியது. தலைவன் இடிகொம்பன் தரையைக் குளம்பால் உதைத்தான்.

"பன்னிரண்டு பேர் திரும்பப் போய் அங்கேயே நிற்கட்டும்! காவல் இல்லாவிட்டால் நாளைக்கே செந்நாய் வரும். அப்புறம் இந்தச் சண்டையில் செத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?"

"செத்தவங்களுக்குப் பதில் சொல்ல, உயிரோட இருக்கிறவங்களை அனுப்புவீங்களாக்கும்!" என்றாள் நெற்றிச்சுழி. அவள் திமிலன் என்ற கடாவின் துணை. வயிற்றில் கன்று. "எத்தனை நாளைக்கு?"

"மான்களுக்குப் பயம் போகிற வரைக்கும்."

"மானுக்குப் பயம் எப்பய்யா போகும்? அது பிறக்கிறதே பயத்தோடதானே!"

மந்தை சிரித்தது. ஆனால் தலைவன் பேச்சுதான் நின்றது. காவலுக்குத் தலைமை திமிலன்.

"கன்று கால் ஊன்றி நிற்கிறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

காட்டெருமைக் காவலுக்கு ஒரு முறை உண்டு. தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். கொம்பு வெளிப்பக்கம். வால் உள்பக்கம். தலையைத் திருப்பவே கூடாது. திருப்பியவன் கோழை. அவனுக்கு மந்தையில் இடமில்லை. மேயப் போகிறவன் நேரே முன்னால் போய், திரும்பாமல் பின்புறமாகவே நடந்து வந்து தன் இடத்தில் சேர வேண்டும்.

பன்னிரண்டு பேரும் பள்ளத்தின் வாயை அடைத்து அப்படித்தான் நின்றார்கள். யாரைக் காத்தார்களோ அவர்களை ஒருவனும் பார்க்கவில்லை.

தினமும் வெயில் சாயும்போது திமிலன் முன்னால் பார்த்தபடியே கேட்பான்: "உள்ளே சுகமா?"

பின்னாலிருந்து மான்களின் தலைவி சொல்வாள்: "சுகம்! சுகம்! போகாதீங்க அண்ணே!"

ஒரு வருஷம் போயிற்று. பின்புறமாகவே நடந்து அலுத்துப்போய், எட்டின புல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். கால்கள் சேற்றில் இறங்கின. பள்ளத்தில் மூடுபனி வந்து உட்கார்ந்தது. உச்சி வெயிலிலும் அது விலகவில்லை.

பின்னால் சத்தங்கள் குறைந்தன. முதலில் குட்டிகள் துள்ளும் சத்தம் நின்றது. பிறகு புல் கடிக்கும் சத்தம். பிறகு தண்ணீர்ச் சத்தம். குரல் மட்டும் தவறாமல் வந்தது. அதே குரல். அதே சொல். வருஷக்கணக்காக அந்தக் குரலுக்கு ஒரு இருமல்கூட வரவில்லை.

"அண்ணே" என்றான் பக்கத்தில் நின்ற சேற்றுவாலன். "உள்ளே யாரும் நடக்கிற மாதிரியே இல்லை. குரல் மட்டும் வருது. முதுகெல்லாம் கூசுது."

"கூசினால் கூசட்டும். முன்னால் பார்!"

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு செந்நாய் வாலைக்கூடக் காணோமே!"

"நாம் நிற்கிறதால்தான் வரவில்லை."

"யானை வராததும் நம்மாலதானா? திமிங்கிலம்?"

வரிசையில் சிரிப்பு ஓடியது. "வாயை மூடு!" என்று திமிலன் உறுமினான்.

சேற்றுவாலன் பேச்சைக் குறைத்தான். பிறகு பேசவே இல்லை. 'பயல் இப்போதுதான் ஒழுங்காக நிற்கப் பழகியிருக்கிறான்' என்று திமிலன் மெச்சிக்கொண்டான்.

மூன்றாம் வருஷம், மழைக்காலம் நெருங்கும்போது, மேல்மலையிலிருந்து ஓர் உண்ணிக்கொக்கு வந்தது. சேற்றுவாலன் முதுகில் உட்கார்ந்தது.

"நெற்றிச்சுழி சொல்லி அனுப்பினாங்க. ஆத்துல வெள்ளம் வரப்போகுது. மந்தை நாலாம் நாள் ஆத்தைத் தாண்டி மேற்கே போகுது. அதுக்குள்ள வந்தாதான் உண்டு. அப்புறம் யார் எங்கேன்னு தெரியாது. உங்க மகன் கேட்கிறானாம், அப்பான்னு ஒருத்தர் நிஜமாவே இருக்காரான்னு."

"உள்ளே கேட்டுச் சொல்கிறேன்" என்றான் திமிலன். கேட்டான்.

"சுகம்! சுகம்! போகாதீங்க அண்ணே!"

"கேட்டாயா? எப்படி விட்டுவிட்டுப் போவேன்?"

கொக்கு காலை மாற்றி மாற்றி வைத்தது. "அண்ணே, இவர் முதுகு ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? ஒரு உண்ணிகூட இல்லையே. அந்தக் கோடியில மூணு பேரும் இப்படித்தான் இருக்காங்க."

"காவலில் இருப்பவனைத் தொந்தரவு செய்யாதே. போ!"

கொக்கு பறந்துவிட்டது.

மறுநாள், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பெண்மான் நேர் எதிரே வந்து நின்றது. கொம்புகள் தாழ்ந்தன.

"நில்! யார் நீ?"

"நான்தான் அண்ணே. உங்களைக் கூப்பிட்டவ."

"பொய்! அவள் எனக்குப் பின்னால் இருக்கிறாள். நீ செந்நாய்! வேஷம் போட்டு வந்திருக்கிறாய்!"

"செந்நாய்க்கு உடம்பெல்லாம் புள்ளி வருமா? நல்லாப் பாருங்க. நாங்க போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பாறை இடுக்கு வழியா ஒவ்வொருத்தரா ஏறிப் போயிட்டோம்."

"ஏன் போனீர்கள்?"

"ஓடை உள்ளே வர்ற வாயில நீங்க நின்னீங்க. நீங்க மிதிச்ச சேறு அணையாயிருச்சு. குளம் வத்திப்போச்சு. சொல்லாமலா இருந்தோம்? உங்க வாலுக்கு முன்னால நின்னு நாலு நாள் சொன்னோம். 'காவல் நேரத்தில் பேசாதே'ன்னு கத்தினீங்க."

கத்தியது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"செந்நாய்?"

"இப்ப இருக்கிற இடத்துக்கும் வருது. ஓடுறோம். சிலது சாகுது, மிச்சம் பிழைக்குது. அது எங்க பாடு. நீங்க இன்னும் நிக்கிறீங்கன்னு நேத்து கொக்கு சொல்லுச்சு. வாங்கன்னு கூப்பிட்டவ நான். போங்கன்னு சொல்ல வேண்டியவளும் நான்தானே?"

வெயில் சாய்ந்தது. இன்று திமிலன் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சுகம்! சுகம்! போகாதீங்க அண்ணே!"

அவள் குரல்தான். ஆனால் எதிரே நின்ற மானின் வாய் மூடியிருந்தது.

திமிலனின் தோல் கழுத்திலிருந்து வால்வரை சிலிர்த்தது. திரும்பினால் கோழை, மந்தையில் இடமில்லை. திரும்பாவிட்டால் ஆறு பெருகிவிடும், மந்தையே இல்லை.

"திரும்புங்க அண்ணே" என்றாள் பெண்மான். "முன்பக்கத்தை நான் பார்த்துக்கிறேன். ஏதாவது வந்தா கத்துறேன்."

திமிலன் திரும்பினான். கழுத்து எலும்பு மளுக்கென்றது.

குளம் இல்லை. புல் இல்லை. வெடித்த மண். அதன் மேல் பனி தவழ்ந்தது. நடுவே ஒரு பட்டமரம். அதில் ஒரு கரிச்சான் குருவி, இரண்டு நீண்ட வால் இறகுகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது.

"சுகம்! சுகம்!" என்றது. மான் தலைவியின் குரலேதான். பிறகு தன் சொந்தக் குரலில் பேசியது: "கோவிச்சுக்காதீங்க. நீங்க நின்னா ஈ மொய்க்கும். ஈ மொய்ச்சா என் வயிறு நிறையும். தினமும் கேட்டீங்க. எது சொன்னா நிப்பீங்களோ அதைச் சொன்னேன்."

"கலையுங்கள்!" என்றான் திமிலன்.

ஏழு பேர் சேற்றிலிருந்து கால்களைப் பிடுங்கினார்கள். நாலு பேர் அசையவில்லை. திமிலன் சேற்றுவாலனை முட்டினான். அவன் மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தான். கண் திறந்துதான் இருந்தது. அது முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கால்கள் விலகிய இடத்தில் சேறு உடைந்தது. ஓடை மெல்ல உள்ளே நுழைந்தது.

எட்டுப் பேர் இரவும் பகலும் நடந்து, கொக்கு சொன்ன நாலாம் நாள் ஆற்றைத் தொட்டார்கள். தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. எப்படியோ தாண்டினார்கள். அக்கரையில் மந்தை நின்றது.

"தலையைத் திருப்பினாயா?" என்று கேட்டான் இடிகொம்பன்.

"திருப்பினேன். நாலு பேர் நின்றபடியே செத்திருந்தார்கள். நீங்களும் ஒருநாள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம், தலைவரே!"

இடிகொம்பன் ஒதுங்கி நின்றான். மந்தை விலகி வழிவிட்டது. இரண்டரை வயதுக் காளைக்கன்று ஒன்று வந்து திமிலனை மோந்து பார்த்தது.

"அம்மா, இவர்தானா?"

"இவர்தான்டா" என்றாள் நெற்றிச்சுழி. "கொஞ்சம் இளைச்சிருக்கார்."

காவல் நிற்கிறவன் யாருக்காக நிற்கிறோம் என்று தலையைத் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும், வேலை முடிந்திருந்தால் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். அதைச் சொல்ல, அத்தனை கொம்புகளுக்கு எதிரே தனியாக வந்து நின்றவள் சிறுகுளம்பி என்ற அந்தப் பெண்மான்.