சோத்துக்கையும் இன்னொரு கையும்

திருச்சியில் ஒரு மாடி வீட்டில் இளவெயினி என்று ஐந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இரண்டு கைகள் இருந்தன. எல்லோருக்கும் அப்படித்தானே என்பீர்கள். சரிதான், ஆனால் இரண்டு கைக்கும் ஒரே மரியாதை கிடைக்கிறதா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

வலக்கைக்கு அந்த வீட்டில் ராஜ மரியாதை. சோறு அதுதான் பிசையும். கோயிலில் திருநீறு அதுதான் வாங்கும். விருந்தாளி சாக்லேட் நீட்டினால் அதுதான் முன்னால் போக வேண்டும். 'சோத்துக்கை' என்று பட்டப்பெயர் வேறு. இடக்கைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

இரண்டும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் பிறந்தவைதான். இருந்தாலும் மரியாதையை வைத்து வலக்கை அக்கா ஆகிவிட்டது, இடக்கை தங்கச்சி. சிக்கல் என்னவென்றால் சுறுசுறுப்பு மொத்தமும் தங்கச்சியிடம் இருந்தது. பந்து வந்தால் அதுதான் பாயும். சாக்லேட்டைக் கண்டாலும் அதுதான் முதலில் நீளும். உடனே அம்மா சுகந்தியின் குரல் கேட்கும்.

"வெயினி, அந்தக் கை இல்ல, இந்தக் கை."

தங்கச்சி பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

சுகந்தியைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் தன் பெண்ணை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

அக்காவும் தங்கச்சியும் பேசிக்கொள்ள நேரம் கிடைப்பது அரிது. கை தட்டும்போது, கும்பிடும்போது, சோப்புப் போடும்போது, அவ்வளவுதான். சோப்பு நுரைக்குள்தான் நிம்மதியாகப் பேச முடியும்.

"இன்னைக்கு என்ன சாப்பாடுக்கா?" என்று தங்கச்சி கேட்கும்.

"வத்தக்குழம்புடி. விரலிடுக்கெல்லாம் எரியுது."

"குடுத்து வச்சவ நீ."

"நீ வேற. பென்சிலையும் என் தலையிலதான் கட்டியிருக்காங்க. ஒரு கோடு நேரா வர மாட்டேங்குது. உன்கிட்ட குடுத்தா நல்லாயிருக்கும்னு தோணும். யார்கிட்ட போய்ச் சொல்ல?"

அதற்குள் குழாய்த் தண்ணீர் வந்து நுரையை அடித்துக்கொண்டு போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட டைரியில் ஒரு சீட்டு ஒட்டி வந்தது. திங்கட்கிழமை முதல் யூ.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், பிள்ளையை ஒரு படம் வரையச் சொல்லி அச்செடுத்துக் கொடுத்தனுப்பலாம்.

இளவெயினிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவளுடைய அப்பா செந்தில்நாதன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து, கட்டட இன்ஜினியர்களுக்கு வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பவர். அந்த மேசைப் பக்கமே அவளை இதுவரை விட்டதில்லை. ஆட்டுக்குட்டி வரைந்து கொண்டுவருவதாக வகுப்பில் மூன்று பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிறந்தநாள் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். செந்தில்நாதன் நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடுக்கி, அதன்மேல் அவளைத் தூக்கி உட்கார வைத்தார். மேசையில் கீபோர்டுக்கு வலப்பக்கம் மவுஸ் இருந்தது. கைகள் இரண்டும் அதைப் பார்த்தன.

"வணக்கம் மாமா," என்றது அக்கா.

"வாம்மா," என்றது மவுஸ். "ஆறு வருஷமா உங்கப்பா கையிலதான் இருக்கேன். சுவரு, கதவு, பாத்ரூம் எல்லாம் நேர்கோடு. ஒரு வளைவு போட்டுப் பாத்ததில்ல. ஆட்டுக்குட்டின்னு காதுல விழுந்துச்சு. நெசமா?"

"நெசம்தான் மாமா."

தங்கச்சி வழக்கம்போல அவசரப்பட்டது. கீபோர்டைத் தாண்டி நீண்டு மவுஸைத் தொட்டே விட்டது.

"அந்தக் கை இல்ல," என்றாள் பின்னால் நின்ற சுகந்தி. "சோத்துக்கையால பிடி. ஸ்கூல்லயும் வலப்பக்கம்தான் வச்சிருப்பாங்க, இப்பவே பழகிக்க. அந்தக் கையத் தொடைக்கு அடியில வச்சுக்க பாக்கலாம்."

இளவெயினி இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தங்கச்சிக்குத் தலையணை மட்டும்தான் தெரிந்தது.

"சோத்துக்கையா?" என்று மவுஸ் முணுமுணுத்தது. "நான் என்ன தயிர்சாதமா, சோத்துக்கையால பிடிக்கிறதுக்கு?"

ஆனால் மவுஸ் சொல்வது மனிதர்களுக்கு எங்கே கேட்கிறது?

அக்கா முயன்றது. மனதார முயன்றது. அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்தது. இழுத்து வந்தால் மறு மூலைக்கு ஓடியது. ஆட்டின் முதுகு வரைய வேண்டிய இடத்தில் படிக்கட்டு வந்தது. தலை வரைந்த இடத்தில் ஒரு முடிச்சு விழுந்தது. செந்தில்நாதன் அழித்துவிட்டு மறுபடி வரையச் சொன்னார். மறுபடியும் படிக்கட்டு.

"மெதுவாம்மா," என்றார் அவர்.

"நல்லாப் பிடிச்சுக்க," என்றாள் சுகந்தி.

ஆறாவது தடவை அழித்தபோது இளவெயினியின் உதடு பிதுங்கியது.

"எனக்குக் கம்ப்யூட்டர் வேணாம்ப்பா. நான் நாளைக்கு ஸ்கூலுக்கும் போகல."

வெள்ளிக்கிழமையிலிருந்து குதித்துக்கொண்டிருந்த பெண் இப்படிச் சொன்னதும் செந்தில்நாதனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய செல்போன் அடித்தது. ஏதோ ஒரு வீட்டில் மாடிப்படி எங்கே வரவேண்டும் என்று கொத்தனார் கேட்டார். செந்தில்நாதன் பால்கனிக்குப் போனார். அடுப்படியில் சாம்பார் பொங்கும் சத்தம் கேட்டு சுகந்தியும் உள்ளே ஓடினாள்.

இளவெயினி அழுதாள். அழுகிற பிள்ளைக்கு எந்தக் கை என்ற ஞாபகமெல்லாம் இருக்காது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்த ஈரக் கன்னத்தில் அக்காவும் தங்கச்சியும் சந்தித்தார்கள்.

"நீ போய் வரைடி," என்றது அக்கா.

"எனக்குத்தான் அனுமதி இல்லையே. அம்மா பாத்தா திட்டுவாங்க."

"திட்டட்டும். திட்டு உனக்குப் புதுசா? பிள்ளை இன்னொரு தடவை இந்த நாற்காலிப் பக்கமே வர மாட்டேங்குறா. மரியாதைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? என்னால முடியலடி."

அக்கா இப்படித் தன் வாயால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் முறை. தங்கச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா கண்ணீரைத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கி, மவுஸைப் பிடித்து இடப்பக்கமாக இழுத்தது. பாதி வழியில் மவுஸ் நின்றுவிட்டது. அதன் வயர் முறுக்கிக்கொண்டது.

"என் எல்லை இவ்வளவுதான்," என்றது வயர் விறைப்பாக. "கூட்டும்போது துடைப்பத்துல மாட்டுதுன்னு உங்கப்பா என்னை மேசையோரமா மூணு கிளிப் போட்டு அடிச்சு வச்சிருக்காரு. வலப்பக்கத்த விட்டு நான் வர மாட்டேன். அதுதான் முறை."

"முறையா?" என்றது மவுஸ். "என்னைச் செஞ்சவன் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் செஞ்சு அனுப்புனான். இங்க வந்த பிறகுதான் எனக்கு ஒரு பக்கம் வந்துச்சு. இழும்மா, நல்லா இழு."

அக்கா இழுத்தது. சோறு பிசைந்து உரமேறிய கை அல்லவா. டப், டப், டப் என்று மூன்று கிளிப்பும் தெறித்தன. வயர் ஏதோ முனகியது. ஆனால் அவிழ்ந்த பிறகு பார்த்தால் அதற்கு இன்னும் ஒரு முழம் நீளம் இருந்தது, அதற்கே அது தெரியவில்லை. அக்கா மவுஸைக் கீபோர்டு தாண்டிக் கொண்டுபோய், தங்கச்சியின் உள்ளங்கையில் வைத்தது.

"நடு விரலால அழுத்தும்மா," என்று மவுஸ் சொல்லிக் கொடுத்தது. "ஆள்காட்டி விரலால அழுத்துனா வேற என்னமோ பட்டியல் வந்து நிக்கும்."

தங்கச்சி நடு விரலால் அழுத்தியது. நகர்த்தியது.

ஓடிக்கொண்டிருந்த அம்புக்குறி நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு அது போன இடமெல்லாம் கோடு வந்தது. முதுகு வந்தது, வயிறு வந்தது. இரண்டு காதுகள் வந்தன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. மவுஸுக்கு ஆறு வருடத்தில் முதல் வளைவு. அது தன் வயிற்றுக்குக் கீழே ஓடியபோது கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் மவுஸ் சிரித்தது. அக்கா சும்மா இருக்க முடியாமல் மேசையில் தாளம் போட்டது. இளவெயினி கன்னத்தில் ஈரம் காயாமலேயே பாட ஆரம்பித்துவிட்டாள்.

பாட்டுச் சத்தம் கேட்டு சுகந்தி அடுப்படியிலிருந்து வந்தாள். பால்கனியிலிருந்து செந்தில்நாதனும் வந்தார். சுகந்தி திரையைப் பார்த்தாள், மவுஸைப் பார்த்தாள்.

"வெயினி, அந்தக் கையால..." என்று கரண்டியை நீட்டினாள். கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது.

இளவெயினி திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீயும் அந்தக் கையிலதானே கரண்டி வச்சிருக்க."

எல்லோரும் பார்த்தார்கள். ஆமாம், கரண்டி சுகந்தியின் இடக்கையில்தான் இருந்தது. அந்தக் கை முந்தானைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது. கரண்டி இருந்ததால் முடியவில்லை.

"பெரியம்மா, நீங்களுமா?" என்று கேட்டது தங்கச்சி.

"அடுப்படியில மட்டும்தான்டி," என்றது சுகந்தியின் இடக்கை, கூச்சத்துடன். "அங்கதான் யாரும் பாக்க மாட்டாங்க."

கைகள் பேசியது செந்தில்நாதனுக்குக் கேட்கவில்லை. அவர் மனைவியிடம் கேட்டார். "உனக்கு இடக்கைப் பழக்கமா? கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு, எனக்குத் தெரியவே தெரியாதே."

"நீங்க அடுப்படிப் பக்கம் வந்தாத்தானே தெரியும்," என்றாள் சுகந்தி. சொல்லிவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டாம் வகுப்புல இந்தக் கைய ரிப்பன் போட்டு பெஞ்சோட சேத்துக் கட்டிட்டாங்க. ஒரு வாரம். அதுக்கப்புறம் நானே அந்தக் கைய நீட்டுறத விட்டுட்டேன்."

மகளின் கையைத் தொடைக்கு அடியில் வைக்கத் தானே சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. மகளுடைய இடக்கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் கைக்குத் தனியாக ஒரு முத்தம் கிடைத்தது அன்றுதான்.

"சரி, ஆட்டுக்கு எதுக்கு அஞ்சு கால்?" என்று கேட்டாள்.

"அது வாலும்மா. கீழ வந்துடுச்சு."

வால் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. செந்தில்நாதன் அச்செடுத்தார். தெறித்த கிளிப்புகளைத் தேடிப் பொறுக்கிக் குப்பையில் போட்டார்.

மாலையில் சுகந்தி பள்ளிக்கூட டைரியை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினாள். 'என் மகள் இடக்கையால் மவுஸ் பிடிப்பாள். தயவுசெய்து அவளுக்கு மட்டும் மவுஸை அந்தப் பக்கம் வைத்துக் கொடுக்கவும்.' எழுத்து முத்து முத்தாக இருந்தது, வலக்கை எழுதியது. கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் நிறுத்தினாள். பேனாவை மறு கைக்கு மாற்றினாள்.

மறுநாள் மதியம் பள்ளியிலிருந்து டீச்சர் போன் செய்தார்.

"ஆட்டுக்குட்டி ரொம்ப அழகு மேடம். நீங்க கேட்ட மாதிரி மவுஸ மாத்தி வச்சுட்டோம், ஜோரா வரையுறா. ஆனா ஒண்ணு. டைரியில உங்க கையெழுத்த பாப்பாவே போட்டுட்டா போலிருக்கு. கோணல்மாணலா கிடக்கு. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

"இல்ல மிஸ்," என்றாள் சுகந்தி. "அது என் கையெழுத்துதான். இப்பதான் போட ஆரம்பிச்சிருக்கேன்."