கோசலை தனியாக ஜப்பான் போய்வந்த வயணம்

ஓட்டைப்பாறை என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். "ரசம் பொங்குச்சுன்னா ஒரு சத்தம் குடு" என்றால், ரசம் பொங்கியதும் அடுப்புக்கு முன்னால் நின்று 'ஓ'வென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த ஊரில் கோசலைக்கு ஒரே ஆசை. ஒரு தட்டுச் சாப்பாட்டை முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரைக்கும் தானே சாப்பிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அது நடக்கவில்லை. அவள் தட்டோடு உட்கார்ந்ததும் புருஷன் மாசானமுத்து, "உப்பு சரியா இருக்கான்னு பாக்கேன்" என்று அப்பளத்தை எடுப்பான். கொழுந்தன் சொரிமுத்து ஒன்றும் சொல்லாமல் பொரித்த மீனை எடுப்பான். நாத்தனார் பொன்னுத்தாய், "மதினி, ஒனக்குக் கத்திரிக்கா ஆகாதுல்லா" என்று அதையும் எடுப்பாள். கோசலைக்கு மிஞ்சுவது கறிவேப்பிலை.

ஒருநாள் போனில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையைப் பார்த்தாள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு. முன்னால் ஆவி பறக்கும் நூடுல்ஸ். பக்கத்திலிருந்து ஒரு கைகூட நீளவில்லை!

"நான் ஜப்பானுக்குப் போறேன். தனியாப் போறேன்" என்று எழுந்துவிட்டாள் கோசலை.

தனிப் பயணத்துக்கு விவரம் கேட்க நாலு பேருமாகக் கிளம்பி டவுனில் டிராவல்ஸ்காரரைப் பார்த்தார்கள்.

"தனியாப் போறது யாரு?" என்றார் அவர்.

நாலு கையும் கோசலையைக் காட்டின, அவள் கையும் சேர்த்துத்தான்.

டிராவல்ஸ்காரர் பொறுமைசாலி. "அவசரப்படாதீங்க. முதல்ல வீட்டையே ஜப்பான்னு நெனச்சு ஒருநாள் பழகிப் பாருங்க. குச்சியால சாப்பிடுங்க. நூடுல்ஸைச் சத்தமா உறிஞ்சுங்க, அங்க அது தப்பில்ல. முக்கியமா எல்லாத்தையும் தனியாச் செய்யணும்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை தொடங்கியது.

"விமானத்துல எத்தனை பேரு இருப்பாவ?" என்றான் சொரிமுத்து.

"முன்னூறு பேராம்" என்றாள் பொன்னுத்தாய்.

"முன்னூறு பேரோட போனா அது என்ன தனியா? ஊர்கோலம்லா!"

"அப்ப கார்ல போகட்டும்."

"டிரைவர் இருப்பாரே."

"அவரை எறக்கி விட்டுட்டா?"

"கார் நகராதே."

"நகராட்டி என்ன? மதினி தனியா இருப்பால்லா?"

மாசானமுத்து கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தபோது கண்ணைத் திறந்தான்.

"நம்மளை விட்டுட்டு அவ போனாத்தானே இம்புட்டுச் சிக்கல்? அவ இங்கனயே இருக்கட்டும். நாம போயிருவோம். வீடுதான் ஜப்பான்னு டிராவல்ஸ்காரரே சொல்லிட்டாருல்லா?"

கோசலைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மூளைக்காரனுக்கா நாம் வாக்கப்பட்டோம்!

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் பஸ் ஸ்டாப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கோசலை இரண்டு கட்டில்களைச் செங்குத்தாக நிறுத்தித் தடுப்புக் கட்டினாள். ஜப்பானில் மீனைப் பச்சையாகத் தின்பார்கள் என்று கேள்விப்பட்டு, குளத்துக் கெண்டை ஒன்றை உயிரோடு கும்பாவில் விட்டு முன்னால் வைத்தாள். அது அவளைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தா அது தனிப் பயணமா?" என்று கோசலை அதைக் கொண்டுபோய்க் குளத்திலேயே விட்டுவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு சட்டி நிறைய சேமியா கிண்டி, அதில் ஒரு தட்டு எடுத்துவைத்தாள். சாப்பிடக் குச்சி அகப்படவில்லை. இரண்டு முருங்கைக்காயை வேகவைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வாய்க்குக் குனிகிறாள், கதவு தட்டுகிற சத்தம்.

வாசலில் மாசானமுத்து நின்றான். "வணக்கம்மா. நான் தனியா ஜப்பானுக்கு வந்திருக்கேன். சாப்பாடு கெடைக்குமா?"

பஸ் ஸ்டாப்பில் நடந்தது இதுதான். மூன்று பேருக்கும் பசி. வீட்டுக்குப் போகலாம் என்றால் வீடு இல்லை, ஜப்பான்தான் இருக்கிறது. சரி, ஜப்பானுக்கே போவோம், ஆனால் கும்பலாகப் போனால் கோசலையின் தனிமை கெட்டுவிடும், ஆளுக்கொரு தனிப் பயணமாகப் போவோம் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

மாசானமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். அடுத்து சொரிமுத்து வந்தான். அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"ஓட்டைப்பாறை."

"அடடே, நானும் ஓட்டைப்பாறைதான்! பாத்ததே இல்லையே!"

கடைசியாகப் பொன்னுத்தாய் வந்தாள். கோசலை எல்லோருக்கும் சட்டியிலிருந்து சேமியா வைத்தாள். மூன்று பேரும் உறிஞ்சிய உறிஞ்சலில் தொழுவத்தில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

கோசலை தன் தட்டுக்கு வந்தாள். அப்போது, கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொன்னுத்தாயின் கை பழக்கதோஷத்தில் மெல்ல நீண்டது. ஜப்பானுக்கு வந்தும் விதி விடவில்லையா?

"ஏம்மா!" என்று அதட்டினான் மாசானமுத்து. "முன்னப்பின்ன தெரியாத ஜப்பான்காரி தட்டுல கை வைக்கலாமா? நம்ம ஊரு மானம் என்னாவும்?"

கை உள்ளே போய்விட்டது.

கோசலை சாப்பிட்டாள். முதல் வாய், நடு வாய், கடைசி வாய், எல்லாம் அவளுடையது. தட்டை வழித்து நக்கினாள். இரண்டு குச்சியையும் மென்று சக்கையாகத் துப்பினாள். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டாள். "ஜப்பான் ஜப்பான்தான்!"

"சரி, ஊருக்குக் கெளம்பணும்" என்று மூன்று பேரும் எழுந்தார்கள்.

"நானும் உங்க ஊருதான். சேந்தே போவோம்" என்றாள் கோசலை. ஜப்பானைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாலு பேரும் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்று, வந்த பஸ்ஸில் ஏறினார்கள்.

"ஓட்டைப்பாறைக்கு நாலு டிக்கெட்" என்றான் மாசானமுத்து.

"இதான்யா ஓட்டைப்பாறை, எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

இறங்கினார்கள். புழுதி பறக்கப் பஸ் போய்விட்டது. கோசலை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டீயளா? இந்த ஜப்பான்காரவ என்ன சுத்தமாத் தமிழ் பேசுதாவ! பாவம், வழிதான் தெரியல."