கழுத்தின் கடைசி வரிசை

சிஸ்டர் தெக்லாவிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும் என்பது அந்த மலையூரில் எல்லாருக்கும் தெரியும். மடத்தின் பின்னல் கூடத்துக்கு வருகிற பெண்கள் அதனாலேயே கேள்விகளை வீட்டில் வைத்துவிட்டு ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

எமரென்சியா கேள்வியோடு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். தோளில் ஏழு மாதப் பிள்ளை சவியோ. கையில் துணிப்பை. மழை வரும் என்று மற்றவர்கள் யாரும் வரவில்லை. செலஸ்டின் அக்கா மட்டும் மூலையில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காலுறை தவிர வேறு எதுவும் பின்ன வராது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது.

எமரென்சியா பையை மேசைமேல் கொட்டினாள். கழுத்து மட்டும் பாக்கியுள்ள நீல ஸ்வெட்டர், நான்கு ஊசிகளோடு. இருநூறு பக்க நோட்டு ஒன்று, அதற்குள் செருகிய பென்சில். லெண்டிங் லைப்ரரி முத்திரை குத்திய தடித்த நாவல்.

“இந்த மூணுல ஒண்ணை நான் விட்டுடணும் சிஸ்டர். எதைன்னு சொல்லுங்க.”

சிஸ்டர் தெக்லா அவளைவிட நான்கு வயதுதான் பெரியவர். ஒரு காலத்தில் இருவரும் ஒரே பஸ்ஸில் கான்வென்ட்டுக்குப் போனவர்கள். இருந்தும் எமரென்சியா பரீட்சை மேசைக்கு முன் நிற்பதுபோல் நின்றாள்.

“ஏன் விடணும்?”

“எதுவுமே முடிய மாட்டேங்குது. தினம் ஒரு பக்கம் எழுதணும், இருபது வரிசை பின்னணும், பத்துப் பக்கம் படிக்கணும்னு எழுதிச் சுவத்துல ஒட்டியிருக்கேன். எழுத உக்காந்தா, குளிர் வந்துடுச்சே, பிள்ளைக்கு ஸ்வெட்டர் ஆகலையேன்னு இருக்கு. ஊசியை எடுத்தா கதையில ஒரு வரி வந்து நிக்குது. சரி, படிக்கலாம்னு புத்தகத்தைத் திறந்தா…”

“கடைசிப் பக்கத்தை முதல்ல படிக்கிறா,” என்றாள் செலஸ்டின், தலையை நிமிர்த்தாமல். “நானே பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன்னாடி பாயசத்தைக் குடிக்கிற மாதிரி.”

“உள்ளே குழந்தை ஏதும் சாகலைன்னு தெரியாம எப்படிக்கா படிக்கிறது?”

செலஸ்டின் சிரிக்க வாயெடுத்தாள். பிறகு சிரிக்கவில்லை. எமரென்சியாவின் சுட்டுவிரல் தூங்குகிற பிள்ளையின் மூக்கின் கீழே போய் நின்றிருந்தது. மூச்சு படுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. விரல் போனதும் வந்ததும் அவளுக்கே தெரியவில்லை.

சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கே,” என்றார்.

எமரென்சியா நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். “இதைத்தான். உங்க சமையல்கட்டு அடுப்புல போட்டுடுங்க. நான் போட்டா பாதியில கையை விட்டு எடுத்துடுவேன்.”

“எத்தனை பக்கம் இருக்கு?”

“எண்பத்தியேழு.”

“நாலு மணிக்குத்தான் டீக்கு அடுப்பு மூட்டுவாங்க. அதுவரைக்கும் இங்கே இருக்கட்டும்.” சிஸ்டர் நோட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிள்ளையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார். “கழுத்துதானே பாக்கி? உக்காந்து முடி.”

எமரென்சியா உட்கார்ந்தாள். கழுத்தைச் சுற்றி எழுபத்திரண்டு கண்ணிகள், ஊசியில் கோத்த நூல் வளையங்கள். ஒரு கண்ணியை இன்னொன்றின் மேல் தாண்டவிட்டு மூடிக்கொண்டே வந்தால் கடைசி வரிசை முடிந்துவிடும். நூலைச் சுண்டிச் சுண்டி இழுத்தாள். ஊசிகள் கண்ணிகளுக்குள் இறுகிக்கொண்டன. இருபது கண்ணிக்கு ஒருமுறை நோட்டைப் பார்த்தாள். பத்துக் கண்ணிக்கு ஒருமுறை பிள்ளையைப் பார்த்தாள். நாவல் வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டியது என்பது வேறு நினைவுக்கு வந்தது.

“எமி, ரயிலா வெயிட் பண்ணுது?” என்றாள் செலஸ்டின்.

“பேசாதீங்கக்கா, எண்ணிக்கை தப்பிடும்.”

முடித்தாள். நூலை அறுத்து முடிச்சுப் போட்டாள். பெருமூச்சு விட்டாள்.

“போட்டுப் பாரு,” என்றார் சிஸ்டர்.

பிள்ளை விழித்துக்கொண்டிருந்தான். எமரென்சியா ஸ்வெட்டரை அவன் தலைக்கு மேல் மாட்டி இழுத்தாள். உச்சந்தலை போயிற்று. நெற்றி போயிற்று. புருவத்தில் வந்து நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். முகம் முழுக்க நீலக் கம்பளிக்குள் போய் மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. உள்ளேயிருந்து அழுகை கம்மலாகக் கேட்டது.

எமரென்சியாவின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

“சிஸ்டர். சிஸ்டர், முகம். முகம் சிஸ்டர்…”

சிஸ்டர் தெக்லா அவள் கையை விலக்கினார். ஒரு விரலை உள்ளே விட்டு மூக்கருகே கம்பளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் முடிச்சைத் தேடிப் பல்லால் கடித்தார். நூல்முனையைப் பிடித்து நிதானமாக இழுத்தார். மூடிய கண்ணிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயின.

“சவியோ எங்கே? சவியோவைக் காணோமே! செலஸ்டின் அக்கா, நீங்க பார்த்தீங்களா?” என்று ஒளிந்து விளையாடுகிற குரலில் கேட்டார் சிஸ்டர்.

“நான் பார்க்கலையே,” என்றாள் செலஸ்டின். அவள் குரல் கொஞ்சம் பிசிறியது.

தலை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சிவந்த முகம், கண்ணில் நீர், உதட்டில் கம்பளி இழை. பிள்ளை மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, இதெல்லாம் தனக்காக நடத்திய விளையாட்டு என்று முடிவு செய்துகொண்டு சிரித்தான்.

அவன் சிரித்ததும் எமரென்சியா அழ ஆரம்பித்தாள்.

சிஸ்டர் தடுக்கவில்லை. பிள்ளையைச் செலஸ்டினிடம் கொடுத்தார். ஸ்வெட்டரை மேசையில் விரித்து, வாய் பிளந்து நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினார். ஏற்றி முடித்ததும் கட்டைவிரலால் ஸ்வெட்டரை அடியிலிருந்து மேலே தடவிக்கொண்டே வந்தார். நடுவில் விரல் நின்றது.

“இது வரைக்கும் மெத்துன்னு இருக்கு. இதுக்கு மேல அட்டை மாதிரி இருக்கு. அதே நூல், அதே ஊசி. இந்த வரிசையில என்ன நடந்துச்சு?”

எமரென்சியா பார்த்தாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தடவிப் பார்த்தாள். விரலுக்குத் தெரிந்தது.

“செப்டம்பர்,” என்றாள். “எட்டாந்தேதி. மாதா பிறந்தநாள்.”

“சொல்லு.”

“அவன் தொட்டில்ல தூங்கிட்டிருந்தான். நான் பக்கத்துல உக்காந்து எழுதிட்டிருந்தேன். கதை நல்லா ஓடிட்டிருந்த நேரம். நிமிர்ந்து பார்த்தா போர்வை அவன் முகத்து மேல ஏறிக் கிடக்குது. எவ்வளவு நேரமாக் கிடந்துச்சுன்னு தெரியாது. எடுத்தேன். ஒண்ணும் ஆகல, தூங்கிட்டுத்தான் இருந்தான். வீட்டுல யாருக்கும் சொல்லல.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “இன்னைக்கும் அதே மாதிரி. நான் எதைத் தொட்டாலும் கடைசியில அவன் மூச்சுலதான் போய் நிக்குது.”

சிஸ்டர் ஜன்னலுக்குப் போய் நோட்டை எடுத்துவந்தார். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து பள்ளிக்கூட வாசிப்பில் வாசித்தார்.

“‘மழை விட்டபாடில்லை. நனைந்த சேலையைப் பிழிந்துவிட்டு அவள் கதவைத் தள்ளினாள். உள்ளே’.”

நிறுத்தினார்.

“அப்புறம்?” என்றாள் செலஸ்டின்.

“அவ்வளவுதான் இருக்கு.”

“என்னடி இது, உள்ளே என்ன இருந்துச்சு?”

“தெரியாதுக்கா. அப்பத்தான் நிமிர்ந்தேன்.”

“நிமிர்ந்தது யாரு?” என்று கேட்டார் சிஸ்டர்.

“நான்தான்.”

“எழுதிட்டிருந்தவதானே நிமிர்ந்து போர்வையை எடுத்தா?”

எமரென்சியா அந்தப் பாதி வரியைப் பார்த்தாள்.

சிஸ்டர் ஊசி டப்பாவைக் கிளறினார். “மறுபடி மூடணும். இந்த ஊசி ஆகாது, உன் கைக்கு இறுகிடும். தடிமனா ஒண்ணு வேணும்.” டப்பாவில் கிடைக்கவில்லை. நோட்டுக்குள்ளிருந்த பென்சிலை எடுத்து, அதன் முனையைப் பார்த்து, அவளிடம் நீட்டினார். “வலது கை ஊசிக்குப் பதிலா இதைப் பிடி.”

“பென்சிலாலயா?”

“பென்சிலால.”

“கரி ஒட்டுமே சிஸ்டர்.”

“சோப்பு இருக்கு.”

“எனக்கும் ஒரு பேனா குடுங்க சிஸ்டர்,” என்றாள் செலஸ்டின். “என் சாக்ஸுல குதிகால் சரியா வருதான்னு பார்ப்போம்.”

எமரென்சியா பென்சிலைக் கண்ணிக்குள் விட்டாள். கண் பிள்ளைப் பக்கம் ஓடியது.

சிஸ்டர் இப்போது நாவலைக் கையில் எடுத்தார். மடத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கைவேலை செய்வது வழக்கம்தான். ஆனால் வாசிப்பது புனிதர்கள் வரலாறாக இருக்கும். லெண்டிங் லைப்ரரி புத்தகம் அந்தக் கூடத்தில் அதுவரை வாசிக்கப்பட்டதில்லை.

“எங்கே நிறுத்தினே?”

“நூத்திப் பன்னெண்டு. திருவிழாக் கூட்டத்துல அந்தச் சின்னப் பொண்ணு அப்பா கையை விட்டுடுறா. அதுக்கு மேல படிக்கல. கடைசிப் பக்கத்துல அவ பேரே வரல சிஸ்டர்.”

சிஸ்டர் வாசிக்கத் தொடங்கினார். தகப்பன் திரும்பிப் பார்க்கிறான். கூட்டம். மேளம். வளையல் கடை. தேர் நகர்கிறது. எமரென்சியாவின் கை நின்றது. வாசிப்பும் நின்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“உன் கை நின்னுடுச்சே.”

“இன்னும் ரெண்டு பக்கம் தள்ளிப் பாருங்க, கிடைச்சுடுறாளான்னு.”

“ரெண்டு பக்கம் தள்ளி இருக்கிறது அங்கேயேதான் இருக்கும். ஓடிடாது. நீ அடுத்த கண்ணியைப் போடு.”

போட்டாள். வாசிப்பு நகர்ந்தது. கை நின்றால் குரலும் நிற்கும் என்று தெரிந்துவிட்டதால் அவள் நிறுத்தாமல் மூடிக்கொண்டே போனாள். அவசரப்படவும் முடியவில்லை. பென்சில் தடிமனாக இருந்தது, கண்ணி ஒவ்வொன்றும் அதன் பருமனுக்குத் தளர்ந்துதான் விழுந்தது. தேரடியில் தேடினார்கள். குளத்தங்கரையில் தேடினார்கள். குளம் என்றதும் எமரென்சியா உதட்டைக் கடித்தாள். ஆனால் கை நிற்கவில்லை. செலஸ்டின் பின்னுவதை எப்போதோ விட்டிருந்தாள்.

பலூன்காரன் வண்டிக்கு அடியில் அந்தப் பெண் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

“மூதேவி!” என்று கத்தினாள் செலஸ்டின். “எங்களை இந்தப் பாடு படுத்திட்டு, கடலையா திங்கிறே!”

எமரென்சியா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கடைசிக் கண்ணியை மூடினாள். அப்போதுதான் கவனித்தாள். பத்துப் பன்னிரண்டு பக்கமாக அவள் பிள்ளையின் மூச்சைத் தொட்டுப் பார்க்கவில்லை. திடுக்கிட்டுத் திரும்பினாள். சவியோ செலஸ்டினின் காலுறையைச் சப்பிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்வெட்டரை எடுத்தாள். மாட்டுவதற்குக் கை வரவில்லை. சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் நாவலில் பக்கத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

தானே மாட்டினாள். நெற்றி, புருவம், காது. ஒரு நொடி முகம் நீலத்துக்குள் மறைந்தது.

“சவியோ எங்கே?” என்றாள் எமரென்சியா.

தலை வெளியே வந்தது. கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பென்சில் கரி லேசாக ஓடியிருந்தது.

அதற்குள் சமையல்கட்டிலிருந்து புகை வாசனை வந்தது. விறகு சரியாகக் காயவில்லை போலிருக்கிறது. கூடம் முழுக்கப் பரவியது. மூவருமே அதை முகர்ந்தார்கள்.

எமரென்சியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். மேசையில் நோட்டு திறந்தே கிடந்தது. பென்சில் அதன்மேல் கிடந்தது, நுனியில் ஒரு நீல இழையோடு.

“அடுப்பு மூட்டிட்டாங்க சிஸ்டர்,” என்றாள். “நானே கொண்டுபோய்ப் போட்டுடட்டுமா?”

“உன் நோட்டு. உன் இஷ்டம்,” என்றார் சிஸ்டர் தெக்லா. “ஆனா அந்தக் கதவைத் தள்ளினவ ரெண்டு மாசமா நனைஞ்ச சேலையோட வாசல்லயே நிக்கிறா. அவளுக்கும் குளிரும்.”